நடுக்கடலுக்குத் தபால் கொண்டுபோகும் விமானி

எங்கள் ஊர்ப் பக்கம் விமானம் தாங்கிக் கப்பல் வராது. வந்தால் தரைதட்டும். ஐ.என்.எஸ். விக்ராந்தின் அடிப்பாகம் தண்ணீருக்குக் கீழே எட்டு மீட்டருக்கு மேல் இறங்கி நிற்கும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டுகளிலோ பல இடங்களில் ஆள் நின்றால் தலை தெரியும். கொச்சியிலிருந்து விசாகப்பட்டினம் போக வேண்டிய பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. ஆகவே ராமநாதபுரத்துக் கரையில் பிறந்த பிள்ளைகள் கடலை எவ்வளவு பார்த்திருந்தாலும் விமானம் தாங்கிக் கப்பலைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்பார்கள்.

விமானம் அப்படியல்ல. உச்சிப்புளியில் இருக்கும் கடற்படை விமானத் தளத்துக்குப் பெயரே பருந்து. 2009ஆம் ஆண்டு முதல் ஐ.என்.எஸ். பருந்து என்ற பெயரோடு அது இயங்குகிறது. ஹெலிகாப்டரும் ஆளில்லா விமானமும் தலைக்கு மேல் போவது எங்கள் பக்கத்தில் புதுமையல்ல. என் தங்கை மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். வீட்டுப்பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிற ஜாதி. போன மாதம் இப்படிக் கேட்டான்: “மாமா, அமெரிக்கக் கப்பலில் ஐயாயிரம் பேர் இருக்கிறார்களாம். மாதக்கணக்கில் கரைக்கே வருவதில்லையாம். அவர்களுக்கு வெங்காயம் யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்?”

நல்ல கேள்வி. போர் விமானம் எவ்வளவு வேகம், ஏவுகணை எவ்வளவு தூரம் என்று எல்லோரும் கேட்பார்கள். வெங்காயத்தைப் பற்றிக் கேட்பவனுக்குத்தான் கப்பல் எப்படி ஓடுகிறது என்பது புரியும். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

வெங்காயம் கப்பலில்தான் போகிறது. விமானத்தில் அல்ல. அரிசி, மாவு, காய்கறி, இறைச்சி, எரிபொருள், வெடிபொருள் என்று கனமான எதுவானாலும் சரக்குக் கப்பல்தான் சுமக்கும். இரண்டு கப்பல்களும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வேகத்தில், ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் கம்பி வடம் கட்டி, அதில் குழாயைத் தொங்கவிட்டு எண்ணெய் ஏற்றுவார்கள். மூட்டைகளைக் கப்பி போட்டு இழுப்பார்கள். நம் கடற்படையில் ஐ.என்.எஸ். தீபக், ஐ.என்.எஸ். சக்தி ஆகியவை செய்வது இந்த வேலையைத்தான். அமெரிக்காவின் பெரிய விமானம் தாங்கிகள் அணுசக்தியில் ஓடுகின்றன. அவற்றின் உலைக்கு இருபது வருடத்துக்கும் மேல் புது எரிபொருள் தேவைப்படாது. ஆனால் மேலே நிற்கும் விமானங்களுக்கு எண்ணெய் வேண்டும், கீழே இருக்கும் மனிதர்களுக்குச் சோறு வேண்டும். அணு உலையால் இட்லி அவிக்கலாம். அரிசி விளைவிக்க முடியாது.

அப்படியானால் விமானம் எதற்கு? சரக்குக் கப்பல் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாத பொருள்களுக்கு.

இதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. கல்லூரி விடுமுறையில் பெரியப்பாவின் விசைப்படகில் மண்டபத்திலிருந்து ஒருமுறை போனேன். இரவு பத்து மணிக்கு என்ஜின் நின்றது. டீசல் போகிற குழாயில் ஒரு சின்ன இணைப்பு உடைந்திருந்தது. விலை அன்றைக்கு நாற்பது ரூபாய்கூட இருக்காது. படகில் ஐஸ் இருந்தது, டீசல் இருந்தது, குடிதண்ணீர் இருந்தது, சாப்பாடு இருந்தது. அந்த நாற்பது ரூபாய்ச் சாமான் மட்டும் இல்லை. அது இல்லாமல் மற்ற எதற்கும் மதிப்பில்லை. விடியும் நேரத்தில் தங்கச்சிமடத்துப் படகு ஒன்று தன்னிடமிருந்த பழைய இணைப்பைக் கொடுக்க வந்தது. ஆனால் கொடுக்க முடியவில்லை. கச்சான் காற்றில் இரண்டு படகுகளும் ஏறி இறங்கின. நெருங்கினால் மோதும், விலகினால் எட்டாது. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கேனுக்குள் போட்டு, மூடியை இறுக்கிக் கயிற்றில் கட்டி வீசினார்கள். மூன்றாவது வீச்சில் பெரியப்பா பிடித்தார். சாமான் கையில் இருப்பதும் அது போய்ச் சேருவதும் வெவ்வேறு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

விமானம் தாங்கிக் கப்பலிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. ஒரு போர் விமானத்தின் என்ஜினில் ஒரு பாகம் போய்விட்டால் கோடிக்கணக்கான மதிப்புள்ள விமானம் மேல்தளத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். பாகத்தோடு சரக்குக் கப்பல் வர ஒரு வாரம் ஆகலாம். விமானம் அதே நாள் மாலைக்குள் கொண்டுவந்துவிடும். அப்படி வருகிறவை உதிரிபாகம், மருந்து, பழுது பார்க்கும் நிபுணர்கள், புதிதாகப் பணியில் சேருபவர்கள். அப்புறம் தபால். திரும்பிப் போகும்போது உடைந்த பாகங்கள், நோயாளிகள், வீட்டில் சாவு என்று செய்தி வந்து அவசரமாக ஊர் போக வேண்டியவர்கள்.

தபால் என்றதும் எங்கள் கரைக்காரர்களுக்கு ஒரு ரயில் ஞாபகம் வரும். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை ரயில் வந்தது. அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். தபாலும் ஆட்களும் ரயிலிலிருந்து இறங்கிக் கப்பலில் ஏறிய அந்த ஏற்பாட்டுக்கே போட் மெயில் என்று பெயர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது, கப்பலும் போனது. பெயர் மட்டும் இன்றும் ராமேஸ்வரம் ரயிலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் இங்கே விவரிக்கப்போகும் விமானம் முதன்முதலாகப் பறந்தது அதே 1964 நவம்பரில், புயலுக்கு ஒரு மாதம் முன்பு. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எனக்குத் தேதிகளை இப்படிக் கோத்துப் பார்க்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு அமெரிக்கக் கடற்படையில் ‘கேரியர் ஆன்போர்டு டெலிவரி’ என்று பெயர். முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘காட்’ என்று ஒரே சொல்லாகச் சொல்வார்கள். காட் என்பது ஒரு மீனின் பெயரும்கூட; நம் கடலில் கிடைக்காத குளிர்கடல் மீன். தொடக்கத்தில் இதற்கென்று தனி விமானம் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் குண்டு போட்ட அவெஞ்சர் விமானங்களில் சிலவற்றை மாற்றி, ஆட்களும் சாமானும் ஏற்றினார்கள். பிறகு 1950களில் டிரேடர் என்ற இரட்டை என்ஜின் விமானம் வந்தது. ஒன்பது பேர் உட்காரலாம். அது 1988வரை ஓடியது.

அதற்கு நடுவே ஒரு விசித்திரம் நடந்தது. இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் அதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1963இல் கடற்படைக்கு ஒரு யோசனை வந்தது: சி-130 ஹெர்குலிஸ் என்ற நான்கு என்ஜின் சரக்கு விமானத்தையே கப்பலில் இறக்கினால் என்ன? நம் விமானப் படையிலும் இருக்கிற அதே வகைதான். இறக்கை நுனியிலிருந்து நுனிவரை நாற்பது மீட்டர். ஜேம்ஸ் ஃபிளாட்லி என்ற விமானியிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவருக்கே முதலில் நம்பிக்கை இல்லை. அட்லாண்டிக் கடலில் ஃபாரஸ்டல் என்ற கப்பலின் மேல்தளத்தை முழுவதும் காலி செய்து, நடுவில் ஒரு கோடு போட்டு இறக்கினார்கள். கப்பலின் கட்டடத்துக்கும் வலது இறக்கை நுனிக்கும் நடுவே ஐந்து மீட்டர்கூட இடைவெளி இல்லை. சக்கரம் தளத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே விசிறிகளைப் பின்னோக்கித் திருப்பி விமானத்தைப் பிடித்து நிறுத்தினார். கொக்கி கிடையாது, கம்பி கிடையாது. 21 முறை அப்படி இறங்கி நின்றார், 21 முறை யாருடைய தள்ளுதலும் இல்லாமல் ஏறினார். எடை குறைவாக இருந்தபோது சுமார் 81 மீட்டரிலேயே நின்றுவிட்டது. எங்கள் புதிய பாம்பன் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட மேலே தூக்கும் பகுதியின் நீளம் 72.5 மீட்டர். அதைவிட ஒரு லாரி நீளம் கூடுதலான இடத்தில் ஹெர்குலிஸ் நின்றது என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு ஏன் அதையே வைத்துக்கொள்ளவில்லை? ஹெர்குலிஸ் இறங்க வேண்டுமானால் மேல்தளத்தில் வேறு ஒரு விமானமும் இருக்கக் கூடாது. தபால்காரர் வருகிறார் என்பதற்காக வீட்டுச் சாமான்களையெல்லாம் தினமும் தெருவில் எடுத்து வைக்க முடியுமா?

ஆகவே கப்பலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த விமானம் வந்தது. பெயர் சி-2 கிரேஹவுண்ட். இறக்கை இருபத்து நாலரை மீட்டர். இறங்கியதும் கோழி இறக்கையை ஒடுக்கிக்கொள்வது போலப் பின்னால் மடக்கி உடம்போடு ஒட்டிவிடலாம். வாலில் ஒரு பெரிய செங்குத்துத் துடுப்புக்குப் பதிலாக நான்கு சின்னத் துடுப்புகள். அழகுக்காக அல்ல. கப்பலுக்குள் விமானம் நிறுத்தும் கூடத்தின் கூரை தாழ்வானது. ஒரே துடுப்பாக உயர்த்தினால் இடிக்கும். சுமை நாலரை டன், அதாவது ஒரு நடுத்தர லாரி. அல்லது 26 பேர். போகும் தூரம் சுமார் 2,400 கிலோமீட்டர்.

பயணியாகப் போகிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பின்பக்கம் சாய்தளம் போலத் திறக்கும் வாசல் வழியாக ஏறுகிறீர்கள். தலைக்கு ஹெல்மெட், காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, உடம்பில் மிதவை உடுப்பு. இருக்கைகள் எல்லாம் பின்னோக்கி இருக்கும். விமானம் ஒரு திசையில் போகிறது, நீங்கள் எதிர்த்திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஜன்னல் பெயருக்கு இரண்டே இரண்டு. வாசல் மூடினால் இருட்டும் எண்ணெய் வாசனையும்தான். மூன்று மணி நேரம் போகிறது. கப்பல் தெரியாது, கடல் தெரியாது. ஊழியர் ஒருவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுகிறார். அதுதான் அறிவிப்பு. முதுகு இருக்கையோடு அழுந்துகிறது, மூச்சு நிற்கிறது, சத்தம் ஒரேயடியாக ஏறுகிறது, பிறகு எல்லாம் நின்றுவிடுகிறது. வாசல் திறந்தால் வெளியே ஒரு கப்பல். பின்னோக்கி உட்கார வைத்ததன் காரணம் அப்போது விளங்கும்: நிற்கிற அதிர்ச்சியை முதுகு வாங்கிக்கொள்ளும். திரும்பிப் போகும்போது கப்பலிலிருந்து தூக்கி எறிவார்கள். அப்போது நாலு பக்க வாரில் மார்பு தொங்கும். அதற்கு மாற்று இல்லை.

முன்னால் உட்கார்ந்திருக்கும் விமானியின் கதை வேறு. மதுரை விமான நிலைய ஓடுபாதை 2,285 மீட்டர். அது அசையாது, ஆடாது, இடம் மாறாது. அமெரிக்கப் பெரிய விமானம் தாங்கியின் முழு நீளமே 333 மீட்டர். ஆறு கப்பல்களை வாலும் தலையுமாகப் பாம்பன் பாலத்தின் மேல் வரிசையாக வைத்தால்தான் பாலத்தின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட ஈடாகும். அந்த 333 மீட்டரிலும் இறங்க விடுவது ஒரு பகுதியை மட்டும். அந்தப் பகுதி கப்பலின் நேர்க்கோட்டில் இல்லாமல் இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கப்பல் முன்னால் போய்க்கொண்டே இருப்பதால் ஓடுபாதை விமானியின் கண்ணுக்கு இடமிருந்து வலமாக நழுவிக்கொண்டே இருக்கும். அவர் விடாமல் அதைத் துரத்திக்கொண்டு இறங்க வேண்டும்.

கப்பலும் தன் பங்குக்கு உதவுகிறது. விமானம் இறங்கும் நேரத்தில் கப்பல் காற்றுக்கு முகம் கொடுத்து வேகமாக ஓடும். ஏன் என்று நம் படகோட்டிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்க்காற்று இருந்தால் தரையோடு ஒப்பிட்ட வேகம் குறையும். விமானம் காற்றில் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும், கப்பல் ஓடும் வேகமும் எதிர்க்காற்றும் சேர்ந்து அதில் ஐம்பதைக் கழித்துவிட்டால் தளத்தில் மோதுவது 140 கிலோமீட்டர் வேகத்தில்தான். வாடைக்காற்றில் வடக்கு நோக்கி நடந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு முகத்திலேயே தெரியும்.

தளத்தின் குறுக்கே மூன்று அல்லது நான்கு தடித்த எஃகு வடங்கள் சற்றுத் தூக்கலாகக் கட்டப்பட்டிருக்கும். விமானத்தின் வால்பக்கம் ஒரு கொக்கி தொங்கும். அது ஏதாவது ஒரு வடத்தில் மாட்ட வேண்டும். மாட்டினால் சுமார் நூறு மீட்டருக்குள், சில விநாடிகளில் நின்றுவிடும். ஓடுகிற காளையை மூக்கணாங்கயிற்றில் பிடிப்பார்கள். இதை வாலில் பிடிக்கிறார்கள். எந்த உயரத்தில் வருகிறோம் என்று காட்டத் தளத்தின் ஓரத்தில் ஒரு விளக்கு அமைப்பு உண்டு. நடுவில் ஒரு மஞ்சள் விளக்கு, இரு பக்கமும் பச்சை விளக்கு வரிசை. மஞ்சள் பச்சைக்கு மேலே தெரிந்தால் உயரம் அதிகம், கீழே தெரிந்தால் தாழ்வு. தாழ்வு என்றால் கப்பலின் பின்புறச் சுவர். இதோடு, அனுபவம் வாய்ந்த விமானி ஒருவர் தளத்தில் நின்றுகொண்டு வானொலியில் திருத்தம் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு இறக்கத்துக்கும் அவர் மதிப்பெண் போடுவார். எத்தனை வருடம் ஓட்டியவராக இருந்தாலும் மதிப்பெண்ணிலிருந்து தப்பிக்க முடியாது.

தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஆச்சரியப்படும் ஒன்று: சக்கரம் தளத்தைத் தொட்டவுடன் விமானி வேகத்தைக் குறைப்பதில்லை. என்ஜினை முழு விசைக்கு ஏற்றுகிறார். கொக்கி வடத்தில் மாட்டியதா இல்லையா என்று தெரிவதற்குள் தளம் முடிந்துவிடும். மாட்டவில்லையென்றால் அப்படியே எழும்பிப் போய் இன்னொரு சுற்று வர வேண்டும். அதற்கு விசை தயாராக இருக்க வேண்டும். கிரேஹவுண்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு விசிறிகளும் ஒரே பக்கமாகச் சுற்றுவதால் விசையைக் கூட்டினாலும் குறைத்தாலும் மூக்கு பக்கவாட்டில் இழுக்கும். காலால் மிதித்துச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். வழக்கமாகக் கப்பலில் இறங்கும் அமெரிக்க விமானங்களில் இறக்கை மிக நீளமானது இந்த வகைதான். கோட்டிலிருந்து விலகினால் பக்கத்தில் நிறுத்திவைத்த விமானங்களின் மூக்கை உரசும். போர் விமானிக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதிகூடத் தபால்காரருக்குக் கிடைப்பதில்லை. வடம் இருவருக்கும் ஒன்றுதான்.

இந்த வேலைக்கு வருவது எப்படி? அமெரிக்க முறைப்படி முதலில் பட்டம் பெற்றுக் கடற்படை அதிகாரியாக வேண்டும். பிறகு டெக்சன் என்ற சின்ன விமானத்தில் அடிப்படைப் பயிற்சி. அங்கே வாங்கும் மதிப்பெண், சொந்த விருப்பம், கடற்படையின் தேவை மூன்றையும் வைத்து வழி பிரிப்பார்கள். கிரேஹவுண்டுக்கும், அதே உடம்பில் ரேடார் தட்டு சுமக்கும் ஹாக்-ஐ என்ற விமானத்துக்கும் ஒரே வழி. இரட்டை என்ஜின் விமானத்தில் பயிற்சி, பின்பு கோஷாக் என்ற ஜெட்டில் கப்பலில் இறங்கப் பயிற்சி. அதில் தேறினால் மார்பில் தங்கச் சிறகுப் பட்டை. அதன் பிறகு நார்ஃபோக் நகரில் அந்தக் குறிப்பிட்ட விமானத்தையே ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். சிறகு வாங்கிய நாளிலிருந்து எட்டு வருடம் கடற்படையை விட்டுப் போக முடியாது. பயிற்சிக்கு ஆகும் செலவைப் பார்த்தால் அது நியாயமாகத்தான் தெரிகிறது.

அன்றாட வாழ்க்கையில் ஒரு வேடிக்கை. கப்பலோடு இரண்டு கிரேஹவுண்டுகள் கொண்ட சிறு குழுவை அனுப்புவார்கள். ஆனால் அந்தக் குழு பெரும்பாலும் கப்பலில் தங்குவதில்லை. கப்பல் போகும் கடலுக்கு அருகே ஏதாவது ஒரு நாட்டின் விமானத் தளத்தில் தங்கும். காலையில் சாமான் வரும். எடை போட்டு, கூண்டுக்குள் அடுக்கி, வலை போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். வைக்கோல் லாரிக்குக் கயிறு இழுக்கிற கவனம் போதாது. நிற்கிற அதிர்ச்சியில் ஒரு பெட்டி அவிழ்ந்தாலும் அது பீரங்கிக் குண்டு. பிறகு பறந்து, இறங்கி, இறக்கி, ஏற்றி, ஒரு மணி நேரத்துக்குள், விமானத்தை இழுத்து வீசும் கவண் பொறியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். கப்பலில் உள்ளவர்களுக்கு அவர் கரைக்காரர். கரையில் உள்ளவர்களுக்கு அவர் கப்பல்காரர்.

பெண்கள் இந்த வேலைக்கு வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கடற்படையில் 1974இல் முதல் ஆறு பெண்கள் சிறகுப் பட்டை வாங்கினார்கள். ஆனால் போர் விமானம் ஓட்டச் சட்டம் விடவில்லை. சரக்கு விமானம் போர் விமானம் அல்லவே! அந்த இடைவெளி வழியாகத்தான் 1979 ஜூன் மாதம் டோனா லின் ஸ்ப்ரூயில் ஒரு டிரேடர் விமானத்தை இண்டிபெண்டன்ஸ் கப்பலில் இறக்கினார். ஹெலிகாப்டர் அல்லாத, இறக்கை கொண்ட விமானத்தைக் கப்பலில் கொக்கி மாட்டி இறக்கத் தகுதி பெற்ற முதல் அமெரிக்கக் கடற்படைப் பெண் அவர். போர் விமானங்களுக்கான தடை விலகியது 1993இல். பதினான்கு வருடம் முன்பே தபால் வண்டி கதவைத் திறந்துவிட்டிருந்தது.

ஆபத்து இல்லாத வேலையல்ல. 2017 நவம்பர் 22 அன்று ஜப்பானின் இவாகுனி தளத்திலிருந்து ரொனால்ட் ரீகன் கப்பலுக்குப் பதினொரு பேரோடு போன கிரேஹவுண்ட் பிலிப்பைன் கடலில் விழுந்தது. விமானி ஸ்டீவன் கோம்ப்ஸ் அதைத் தண்ணீரின் மேல் இறக்கினார். எட்டுப் பேரை மீட்டார்கள். மீட்க முடியாத மூவரில் அவரும் ஒருவர். இறந்த பிறகு அவருக்கு வீரப் பதக்கம் கொடுத்தார்கள்.

கிரேஹவுண்டின் காலம் இப்போது முடிகிறது. 2026க்குள் அதற்கு ஓய்வு கொடுப்பது அமெரிக்கக் கடற்படையின் திட்டம். அதன் இடத்துக்கு வந்திருப்பது ஆஸ்ப்ரே. ஹெலிகாப்டர் போல நேராக எழும்பும்; பிறகு இறக்கை நுனியில் இருக்கும் என்ஜின்களை முன்னால் சாய்த்து விமானம் போலப் பறக்கும். 2021இல் கார்ல் வின்சன் கப்பலோடு முதல் பயணம் போனது. எஃப்-35 விமான என்ஜினின் முக்கியப் பகுதி கிரேஹவுண்டின் வயிற்றில் நுழையாது; ஆஸ்ப்ரேயில் நுழையும். இதற்கு வடமும் வேண்டாம், கவணும் வேண்டாம். அதாவது மேலே நான் பத்திக்குப் பத்தி வியந்த திறமையே இனி இந்த வேலைக்குத் தேவையில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் புதியது சுலபமாக வந்து உட்காரவில்லை. 2023 நவம்பரில் அமெரிக்க விமானப் படையின் ஆஸ்ப்ரே ஒன்று ஜப்பான் கரையோரம் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் எல்லா ஆஸ்ப்ரேக்களையும் தரையில் நிறுத்தினார்கள். பறக்க விட்ட பிறகும் இறங்கத்தக்க ஒரு தளத்திலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் விலகக் கூடாது என்று கட்டுப்பாடு. அரை மணி நேர எல்லைக்குள் நின்றுகொண்டு நடுக்கடலுக்கு எப்படித் தபால் கொடுப்பது? பழைய கிரேஹவுண்டையே மீண்டும் கூப்பிட்டார்கள்.

“நம் நாட்டில் இந்த வேலை உண்டா மாமா?” என்று பையன் கேட்டான். இதே உருவத்தில் இல்லை. விக்ராந்திலும் விக்ரமாதித்யாவிலும் கவண் பொறி கிடையாது. முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த தளத்தில் ஓடித் தன் விசையிலேயே எழும்ப வேண்டும். ஜெட் போர் விமானத்துக்கு அது முடியும், சுமை ஏற்றிய விசிறி விமானத்துக்குக் கஷ்டம். நம் கப்பல்களுக்கு அவசரச் சாமான் ஹெலிகாப்டரில் போகிறது. ஹெலிகாப்டர் எட்டாத தூரத்துக்கு வேறு வழி தேடுகிறார்கள்: 2023இல் கோவா கடலில் இல்-38 விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கும் பெட்டி ஒன்றைச் சோதித்தார்கள். கரையிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கப்பலுக்கும் உதிரிபாகம் போட வேண்டும் என்பது நோக்கம். பெயர் ஏ.டி.சி.-150. கேனைக் கயிற்றில் கட்டி வீசிய அதே யோசனைதான்.

கடற்படை ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறுவது தமிழ்நாட்டில்தான், அரக்கோணத்தில். அந்தத் தளத்துக்குப் பெயர் ராஜாளி. பருந்து, ராஜாளி என்று பறவைப் பெயர் கொண்ட இரண்டு தளங்கள் நம் மாநிலத்தில் இருப்பது பலருக்குத் தெரியாது. அங்கே போக வேண்டுமானால் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் எடுத்திருக்க வேண்டும். தேசியப் பாதுகாப்பு அகாதமி தேர்வு ஒரு வழி. கேரளத்தில் எழிமலையில் இருக்கும் கடற்படை அகாதமி வழியாகச் சேர்வது இன்னொன்று. 2019இல் சிவாங்கி நம் கடற்படையின் முதல் பெண் விமானியானார், ஆகவே என் தங்கையின் சின்ன மகளும் இந்தப் பேச்சை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தது வீணல்ல.

கணிதம் என்றதும் பையன் முகம் சுருங்கியது. ஆகவே ஒரு கணக்குக் கொடுத்தேன். கப்பல் கரையிலிருந்து 900 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் நேராக விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. நீ மணிக்கு 450 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறாய். எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேருவாய்?

யோசிக்காமல், “இரண்டு மணி நேரம்” என்றான்.

இரண்டு மணி நேரத்தில் நீ 900 கிலோமீட்டர் போயிருப்பாய், அங்கே கடல்தான் இருக்கும் என்றேன். கப்பல் அதற்குள் 90 கிலோமீட்டர் போயிருக்கும். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அரை மணி நேரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்து காட்டினான்: இரண்டு மணி பதின்மூன்று நிமிடம், தூரம் 1,000 கிலோமீட்டர். சரியான விடை. அதற்குக் கீழே, நான் கேட்காத ஒரு வரியையும் எழுதியிருந்தான்: திரும்பி வரவும் 1,000 கிலோமீட்டர், மிச்ச எண்ணெய் 400 கிலோமீட்டருக்கு.